ஏழாவது இன்னிங்ஸும் கேர்ஷோவின் கணக்கும்

அமெரிக்க பேஸ்போல் விளையாட்டின் மிகச்சிறந்த பந்துவீச்சாளர்களில் ஒருவரான கிளேட்டன் கேர்ஷோ 2025 ஆம் ஆண்டுப் பருவகாலத்துடன் ஓய்வுபெற்றுக்கொண்டார். பதினெட்டுப் பருவகாலங்களையும் லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜர்ஸ் என்ற ஒரே அணிக்காக விளையாடியவர் அவர். வழமையான பருவகாலப் போட்டிகளில் 223 வெற்றிகள், 3,052 ஸ்ட்ரைக் அவுட்டுகள், சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது மூன்று தடவை. அவரது ஓட்டச் சராசரி 2.53. ஆனால், ஒக்டோபர் மாதத்தில் நடைபெறும் பிளே ஓஃப் போட்டிகளில் அதே மனிதரின் ஓட்டச் சராசரி 4.62.

இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலான இடைவெளியைப் பற்றி அமெரிக்க விளையாட்டு ஊடகங்கள் பத்து வருடங்களுக்கும் மேலாக எழுதித் தீர்த்துவிட்டன. 'பெரிய போட்டியில் சோர்ந்துபோகிறவர்' என்ற முத்திரை அவர் மீது 2013, 2014 ஆம் ஆண்டுகளில் குத்தப்பட்டது. ஓய்வுபெற்ற நாளில் எழுதப்பட்ட பாராட்டுக் கட்டுரைகளில்கூட ஏதோவொரு பந்தியில் அந்தப் பேச்சு தலைகாட்டவே செய்தது. அந்த முத்திரை முழுமையான பொய் என்று வாதிடுவது எனது நோக்கமல்ல. ஆனால், ஒரு தொடக்கப் பந்துவீச்சாளரை பிளே ஓஃப் போட்டிகளை வைத்து மதிப்பிடும்போது உண்மையில் நாம் யாரை மதிப்பிடுகின்றோம் என்ற கேள்வி அவ்வளவு இலகுவானதல்ல. அவரையா, அவரது முகாமையாளரையா, அல்லது அவருக்குப் பின்னர் பந்தைக் கையேற்றவர்களையா?

கிரிக்கெட்டுடன் வளர்ந்த எமது வாசகர்களுக்காக ஓரிரு விளக்கங்கள் அவசியம். பேஸ்போலில் ஒரு போட்டிக்கு ஒன்பது இன்னிங்ஸ்கள். போட்டியைத் தொடங்குபவரே தொடக்கப் பந்துவீச்சாளர். கிரிக்கெட்டில் போன்று அவரை நிறுத்திவைத்து மீண்டும் அழைக்க இயலாது. ஒருமுறை ஆட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்டவர் அந்தப் போட்டியில் திரும்பி வர முடியாது. முகாமையாளர் மைதானத்துக்குள் நடந்து வந்து கையை நீட்டிப் பந்தை வாங்கிக்கொள்ளும் அந்தக் கணம், இந்த விளையாட்டின் மிகவும் கனதியான தீர்மானங்களில் ஒன்று. ஓட்டச் சராசரி என்பது ஒன்பது இன்னிங்ஸ்களுக்கு ஒருவர் சராசரியாக எத்தனை ஓட்டங்களை விட்டுக்கொடுத்தார் என்பதைக் குறிக்கும். குறையக் குறைய நல்லது.

இங்கேதான் கிரிக்கெட் இரசிகர்களுக்கு விசித்திரமாகத் தோன்றக்கூடிய விதியொன்று வருகின்றது. கிரிக்கெட்டில் ஒரு பந்துவீச்சாளர் தனது ஓவரை முடித்துவிட்டால் அதன் பின்னர் எதிரணி எடுக்கும் ஓட்டம் எதுவும் அவரது கணக்கில் சேராது. பேஸ்போலில் அப்படியல்ல. தொடக்கப் பந்துவீச்சாளர் வெளியேறும்போது தளங்களில் எதிரணி வீரர்கள் நின்றுகொண்டிருந்தால், அவர்கள் பின்னர் ஓட்டத்தைப் பூர்த்திசெய்யும் பட்சத்தில் அந்த ஓட்டங்கள் வெளியேறியவரின் பெயரிலேயே எழுதப்படும். பந்தை வீசியவர் வேறொருவர், அடி வாங்கியவர் வேறொருவர், கணக்கு மாத்திரம் ஓய்வறையில் உட்கார்ந்திருப்பவருக்கு. அவர்களைத் தளத்துக்கு வரவிட்டவர் அவர்தானே என்ற நியாயம் இதற்கு உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது பாதி நியாயம்.

2016 ஒக்டோபரில் வொஷிங்டன் நஷனல்ஸ் அணிக்கு எதிரான பிளே ஓஃப் தொடரின் நான்காவது போட்டியை எடுத்துக்கொள்வோம். வழமையாக நான்கு நாட்கள் ஓய்வெடுத்த பின்னர் பந்துவீசுபவர், அன்று மூன்று நாட்கள் ஓய்வுடன் இறங்கினார். ஏழாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் ஆட்டமிழந்த நிலையில், மூன்று தளங்களிலும் எதிரணி வீரர்கள் நிற்க, 5 - 2 என்ற முன்னிலையுடன் அவர் வெளியேறினார். பின்னர் வந்த இருவர் சேர்ந்து அந்த மூன்று பேரையும் ஓட்டம் பெற அனுமதித்துவிட்டனர். போட்டி 5 - 5. அன்றைய தினம் கேர்ஷோவின் ஓட்டச் சராசரி 6.75 என்று பதிவாகியது. பின்னால் வந்தவர் ஒரேயொரு துடுப்பாட்ட வீரரை ஆட்டமிழக்கச் செய்திருந்தால் அதே சராசரி 2.70 ஆக இருந்திருக்கும். கேர்ஷோ வீசிய பந்துகளில் ஒன்றுகூட மாறவில்லை. மாறியது அவர் உட்கார்ந்த பின்னர் நடந்தது மட்டுமே.

டொட்ஜர்ஸ் அந்தப் போட்டியை எப்படியோ 6 - 5 என வென்றது. இரண்டு நாட்கள் கழித்து, தொடரின் ஐந்தாவதும் இறுதியுமான போட்டியில், ஒன்பதாவது இன்னிங்ஸில் ஒரு ஓட்ட முன்னிலையைக் காப்பாற்ற வேறு வழியின்றி மீண்டும் அவரையே அழைத்தார்கள். சக வீரர் ஒருவர் தளங்களில் விட்டுச்சென்ற இருவரை அங்கேயே நிறுத்திவைத்து, கடைசி இருவரையும் ஆட்டமிழக்கச் செய்து தொடரை வென்று கொடுத்தார். 'சோர்ந்துபோகிறவர்' என்ற கதையில் இந்தப் போட்டிக்கு இடமில்லாமல் போனது தற்செயலானதென்று நான் நினைக்கவில்லை. கதை ஒன்று எழுதப்பட்ட பிறகு அதற்குப் பொருந்தாத தகவல்கள் தாமாகவே உதிர்ந்துவிடும். செய்தி அறையில் இரவு வேலை பார்த்த எவருக்கும் இது தெரியும். போட்டி முடிவதற்கு முன்னரே தலைப்புக்கான இடம் ஒதுக்கப்பட்டுவிடும்; அந்த இடத்துக்குள் அடங்கக்கூடிய சொல் ஒன்று ஏற்கெனவே கையில் இருந்தால் எந்த உதவி ஆசிரியரும் வேறு சொல்லைத் தேடப்போவதில்லை.

அதற்கு முந்தைய வருடமும் ஏறக்குறைய இதே காட்சிதான். 2015 இல் நியூயோர்க் மெற்ஸ் அணிக்கு எதிரான முதலாவது போட்டியில், ஏழாவது இன்னிங்ஸ் வரை கேர்ஷோ கொடுத்தது ஒரேயொரு ஓட்டம். அந்த இன்னிங்ஸில் கட்டுப்பாடு தளர்ந்து, அடிக்கத் தேவையில்லாத பந்துகளை வீசி மூன்று பேரை அவரே தளங்களுக்கு நடக்கவிட்டார். அது அவரது குற்றமே. பின்னர் வந்தவர் சந்தித்த முதல் வீரரான டேவிட் ரைட் இரண்டு பேரை ஓட்டம் பெறவைத்தார். மெற்ஸ் 3 - 1 என வென்றது. 11 ஸ்ட்ரைக் அவுட்டுகள் எடுத்த ஒருவர் மறுநாள் பத்திரிகையில் மீண்டும் ஒருமுறை தோற்றவரானார்.

இந்த இரு போட்டிகளிலும் ஏழாவது இன்னிங்ஸ் என்பது கவனிக்கப்படவேண்டியது. இந்தக் கதையின் வேர் அதற்கும் முந்தைய வருடத்தில் இருக்கிறது. 2014 ஆம் ஆண்டு கேர்ஷோவின் வாழ்க்கையிலேயே பொன்னான வருடம். 21 வெற்றிகள், 3 தோல்விகள், ஓட்டச் சராசரி 1.77. பந்துவீச்சாளர்களுக்கு அபூர்வமாகவே கிடைக்கும் மிகப் பெறுமதியான வீரர் விருதும் அந்த வருடம் அவருக்குக் கிடைத்தது. ஒக்டோபரில் சென் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்கு எதிரான முதலாவது போட்டியில், ஆறு இன்னிங்ஸ்கள் முடிந்தபோது டொட்ஜர்ஸ் 6 - 2 என முன்னிலையில் இருந்தது. ஏழாவது இன்னிங்ஸில் முதல் நான்கு துடுப்பாட்ட வீரர்களும் அடுத்தடுத்து அடித்துத் தளத்தை அடைந்தனர். முகாமையாளர் டொன் மற்றிங்லி அசையவில்லை. ஒருவர் ஸ்ட்ரைக் அவுட் ஆனார். இன்னொருவர் அடித்தார். அப்போதும் அசையவில்லை. மேலும் ஒருவர் ஸ்ட்ரைக் அவுட் ஆன பின்னர், மற் கார்பென்ரர் மூன்று தளங்களில் நின்றவர்களையும் ஓட்டம் பெறவைத்த அடியை அடித்தார். அதற்குப் பின்னரே மாற்றுப் பந்துவீச்சாளர் வந்தார். அவரும் மூன்று ஓட்ட ஹோம் ரன் ஒன்றைக் கொடுத்தார். முடிவு 10 - 9. கேர்ஷோவின் கணக்கில் 8 ஓட்டங்கள்.

நான்கு நாட்கள் கழித்து, மூன்று நாள் ஓய்வுடன், நான்காவது போட்டி. ஆறு இன்னிங்ஸ்கள் வரை எதிரணிக்கு ஒரு ஓட்டமும் இல்லை. மீண்டும் ஏழாவது இன்னிங்ஸ். இருவர் தளத்தை அடைந்தனர், மற் அடம்ஸ் மூன்று ஓட்ட ஹோம் ரன் அடித்தார். 3 - 2 எனத் தோல்வி, பருவகாலம் முடிந்தது.

பேஸ்போலில் நன்கு நிரூபிக்கப்பட்ட விடயம் ஒன்றுண்டு. ஒரு போட்டியில் துடுப்பாட்ட வீரர்கள் அதே பந்துவீச்சாளரை மூன்றாவது தடவை சந்திக்கும்போது முதல் தடவையைவிட நன்றாக அடிக்கிறார்கள். கை களைத்துப்போகின்றது, பந்தின் போக்கும் கண்ணுக்குப் பழகிப்போகின்றது. ஏழாவது இன்னிங்ஸ் என்பது பெரும்பாலும் அந்த மூன்றாவது சந்திப்பின் நேரம். அந்த நேரத்தில் சாதாரணப் பந்துவீச்சாளர் ஒருவர் மைதானத்தில் இருந்திருக்கவே மாட்டார். ஐந்தாவது, ஆறாவது இன்னிங்ஸிலேயே அவரிடமிருந்து பந்து வாங்கப்பட்டிருக்கும். அவரது கணக்கும் சேதமின்றித் தப்பியிருக்கும். கேர்ஷோ அங்கே நின்றுகொண்டிருந்ததற்குக் காரணம் அவர் கேர்ஷோ என்பதே. களைத்துப்போன கேர்ஷோகூட அன்றைய டொட்ஜர்ஸின் மாற்றுப் பந்துவீச்சாளர்களைவிட மேலானவர் என்று முகாமையாளர் நம்பினார். அந்த நம்பிக்கை பிழையானதென்றும் கூறிவிட முடியாது. சிறந்தவனை அவனது எல்லைக்கு அப்பாலும் வேலைவாங்கி, எல்லையைத் தாண்டியபோது விழுந்ததை அவனது சுபாவத்தின் குறைபாடாக எழுதினோம். அணிகளில் மாத்திரம் நடக்கிற காரியமல்ல இது.

இதே போன்றதொரு தீர்மானம் வேறொருவர் விடயத்தில் எவ்வாறு தீர்ப்பளிக்கப்பட்டது என்பதைப் பாருங்கள். 2003 ஒக்டோபரில் நியூயோர்க் யாங்கீஸ் அணிக்கு எதிரான அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் ஏழாவது போட்டி. எட்டாவது இன்னிங்ஸில் பொஸ்டன் ரெட் சொக்ஸ் 5 - 2 என முன்னிலை. பெட்ரோ மார்ட்டினெஸ் களைத்திருப்பது தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கே தெரிந்தது. முகாமையாளர் கிராடி லிற்றில் மைதானத்துக்குள் நடந்து சென்று அவருடன் பேசிவிட்டு, வெறுங்கையுடன் திரும்பினார். மார்ட்டினெஸ் 123 பந்துகள் வீசி முடித்தபோது போட்டி 5 - 5. பதினோராவது இன்னிங்ஸில் ஆரன் பூனின் ஹோம் ரன்னுடன் யாங்கீஸ் வென்றது. பொஸ்டன் யாரைப் பழித்தது? முகாமையாளரை. அவரது ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. மார்ட்டினெஸ் நெருக்கடியில் சோர்ந்துபோகிறவர் என்று எவரும் எழுதவில்லை. 1999 இல் கிளீவ்லண்டுக்கு எதிரான தீர்க்கமான போட்டியில் இடையில் வந்து ஆறு இன்னிங்ஸ்கள் ஒரு அடிகூடக் கொடுக்காமல் வீசியவர் என்ற முந்தைய கதை அவரைக் காப்பாற்றியது. கேர்ஷோவுக்கு அப்படியொரு முந்தைய கதை இருக்கவில்லை. 2013 இல் கார்டினல்ஸுக்கு எதிரான ஆறாவது போட்டியில் ஏழு ஓட்டங்கள் கொடுத்து 9 - 0 எனத் தோற்ற கதையே இருந்தது. அதை வைத்தே அடுத்தது வாசிக்கப்பட்டது, அதற்கடுத்ததும் அவ்வாறே.

முன்னதாக வெளியேற்றினாலும் பழி தப்பாது. 2020 உலகத் தொடரின் ஆறாவது போட்டியில் தம்பா பே ரேஸ் அணியின் பிளேக் ஸ்னெல் இரண்டே அடிகள் கொடுத்து, 9 ஸ்ட்ரைக் அவுட்டுகள் எடுத்து, 1 - 0 முன்னிலையில் இருந்தபோது 73 பந்துகளுடன் முகாமையாளர் கெவின் காஷ் அவரை வெளியேற்றினார். 'மூன்றாவது சந்திப்பு' பற்றி மேலே கூறிய அதே கணக்குத்தான் காரணம். அடுத்து வந்தவர் சில பந்துகளுக்குள் முன்னிலையை இழந்தார். டொட்ஜர்ஸ் 3 - 1 என வென்று சம்பியனானது. மற்றிங்லியும் லிற்றிலும் தாமதித்ததற்காகவும், காஷ் அவசரப்பட்டதற்காகவும் கண்டிக்கப்பட்டார்கள். எனது அபிப்பிராயத்தில் காஷின் தீர்மானம் தவறு. புள்ளிவிபரங்கள் கூறும் சராசரி மனிதன் அன்று மைதானத்தில் இருக்கவில்லை, ஸ்னெல்தான் இருந்தார். ஆனால் அவர் தொடர்ந்து வீசி, அடுத்த வீரரான மூக்கி பெட்ஸிடம் ஹோம் ரன் ஒன்றைக் கொடுத்திருந்தால் மறுநாள் காலை யாருடைய பெயரில் அது எழுதப்பட்டிருக்கும் என்பதையும் யோசிக்கவேண்டும். சீக்கிரம் வெளியேற்றப்பட்டதால் ஸ்னெல் அன்றைய தியாகியானார். அதே ஸ்னெல் 2025 ஒக்டோபரில் டொட்ஜர்ஸ் அணியில் இருந்தார். மில்வோக்கி புரூவர்ஸ் அணிக்கு எதிராக எட்டு இன்னிங்ஸ்கள் வீசவிடப்பட்டு, ஒரேயொரு அடியை மட்டும் கொடுத்தார்.

சரி, முகாமையாளர்களையும் மாற்றுப் பந்துவீச்சாளர்களையும் குறைகூறி கேர்ஷோவை முற்றாக விடுவித்துவிடலாமா? முடியாது. 2014, 2015, 2016 ஆம் ஆண்டுகளில் மேலே குறிப்பிட்ட போட்டிகளில் அவர் விட்டுச்சென்று பிறர் கொடுத்த ஓட்டங்கள் ஆறு. 2017 உலகத் தொடரின் ஐந்தாவது போட்டியில் ஹூஸ்டன் அஸ்ட்ரோஸ் அணிக்கு எதிராக இவ்வாறு இன்னும் இரண்டு. இந்த எட்டையும் கழித்துவிட்டுக் கணக்குப் பார்த்தால் அவரது பிளே ஓஃப் சராசரி 4.62 இலிருந்து நாலேகால் அளவுக்கே இறங்கும். 2.53 இற்கு அது இன்னமும் வெகுதூரம். நண்பர்கள் சிலர் இந்த இடத்தில் வாதத்தை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக்கூடாது.

அந்த ஹூஸ்டன் போட்டியைச் சும்மா கடந்து செல்லவும் இயலாது. 4 - 0, பின்னர் 7 - 4 என இருந்த முன்னிலைகள் கரைந்து, பத்து இன்னிங்ஸ்களில் 13 - 12 என டொட்ஜர்ஸ் தோற்ற போட்டி அது. அஸ்ட்ரோஸ் அணியினர் 2017 இல் தமது சொந்த மைதானத்தில் கமராவின் உதவியுடன் எதிரணியின் சைகைகளைத் திருடி, குப்பைத் தொட்டியைத் தட்டி, அடுத்து வரப்போவது என்ன பந்து என்று துடுப்பாட்ட வீரருக்கு அறிவித்தார்கள் என்பதை 2020 ஜனவரியில் பேஸ்போல் ஆணையாளர் உறுதிசெய்தார். பிளே ஓஃப் காலத்திலும் அது நடந்தது. அணிக்கு 50 இலட்சம் டொலர் அபராதம். முகாமையாளரும் பொது முகாமையாளரும் ஒரு வருடம் இடைநிறுத்தப்பட்டு, அணியினாலும் நீக்கப்பட்டார்கள். அன்றைய ஒவ்வொரு அடியும் அந்தத் திருட்டினால் விளைந்தது என்று கூற முடியாது. ஆனால், அன்று கேர்ஷோ கொடுத்த ஆறு ஓட்டங்கள் அவரது சராசரியில் ஒரு அடிக்குறிப்புக்கூட இன்றி இன்றும் இருக்கின்றன. பரீட்சை வினாத்தாள் முன்கூட்டியே வெளியான மண்டபத்தில் ஆசிரியரின் திறமையை அளந்தது போன்றது இது.

மிகுதியில் அவருக்கே உரியவை நிறைய உண்டு. 2019 இல் நஷனல்ஸுக்கு எதிரான ஐந்தாவது போட்டியின் எட்டாவது இன்னிங்ஸில் அன்ரனி ரெண்டன், ஹுவான் சோட்டோ ஆகிய இருவரும் அடுத்தடுத்த இரு பந்துகளில் ஹோம் ரன் அடித்தார்கள். அங்கே திருட்டும் இல்லை, பின்னால் வந்தவரும் இல்லை. 2018 உலகத் தொடரின் கடைசிப் போட்டியில் மூன்று ஹோம் ரன்களைக் கொடுத்தார். 2023 இல் அரிசோனாவுக்கு எதிராக ஒரேயொருவரை ஆட்டமிழக்கச் செய்வதற்குள் ஆறு ஓட்டங்களைக் கொடுத்தார். அடுத்த மாதம் அவருக்குத் தோள்பட்டையில் சத்திரசிகிச்சை நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அந்த ஒரு மாலை மட்டும் அவரது வாழ்நாள் பிளே ஓஃப் சராசரியைக் கால் ஓட்டத்துக்கும் அதிகமாக உயர்த்தியது. ஒரு இன்னிங்ஸின் மூன்றில் ஒரு பங்கு, வாழ்நாள் கணக்கை அவ்வளவு நகர்த்துமானால், அந்தக் கணக்கின் அத்திவாரம் எவ்வளவு சிறியது என்பதை விளக்கத் தேவையில்லை. பிளே ஓஃப் போட்டிகளில் அவர் வீசியது மொத்தம் 196 இன்னிங்ஸ்கள் சொச்சம். அவரது நல்ல காலத்தில் அது ஒரு பருவகாலத்தின் வேலை. அந்த ஒரு பருவகாலத்தின் வேலையை, 2008 முதல் 2025 வரை வெவ்வேறு வயதில், வெவ்வேறு உடல்நிலையில், பலவீனமான அணி ஒன்றுகூட எதிரே வராத மாதத்தில், துண்டுதுண்டாகச் செய்து முடித்திருக்கின்றார்.

ஒக்டோபரின் பெருமகன் என்று போற்றப்படும் மடிசன் பம்கார்னரை இவருக்கு எதிர்முனையில் நிறுத்துவது வழக்கம். 2014 உலகத் தொடரில் 21 இன்னிங்ஸ்கள் வீசி ஒரேயொரு ஓட்டம் கொடுத்தவர். ஏழாவது போட்டியில் இரண்டு நாள் ஓய்வுடன் இடையில் இறங்கி ஐந்து இன்னிங்ஸ்களை ஓட்டமின்றி முடித்து சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸை சம்பியனாக்கியவர். அந்தப் புகழ் முற்றிலும் அவர் உழைத்துப் பெற்றது. ஆனால் 2012 ஒக்டோபர் நடுப்பகுதியில் இதே பம்கார்னர் இரண்டு பிளே ஓஃப் போட்டிகளில் அடுத்தடுத்து அடிவாங்கியிருந்தார். முகாமையாளர் புரூஸ் பொச்சி என்ன செய்தார் தெரியுமா? அவரது முறை வந்தபோது வேறொருவரை இறக்கிவிட்டு அவருக்கு ஓய்வு கொடுத்தார். அந்த ஓய்வில் பந்துவீசும் முறை சீர்செய்யப்பட்டது. உலகத் தொடரில் திரும்பி வந்து ஏழு இன்னிங்ஸ்களை ஓட்டமின்றி வீசினார். கேர்ஷோவுக்கோ 2013 தொடக்கம் 2016 வரை நான்கு வருடங்கள் தொடர்ச்சியாக முதல் தொடரிலேயே மூன்று நாள் ஓய்வுடன் பந்து கொடுக்கப்பட்டது. மனஉறுதி பற்றிப் பேசுகின்றவர்கள் நாட்காட்டியையும் ஒருமுறை புரட்டிப்பார்க்க வேண்டும்.

டேவிட் பிறைஸின் கதையும் இதற்குச் சான்று. 2018 ஒக்டோபர் வரை தொடக்கப் பந்துவீச்சாளராக பிளே ஓஃப் வெற்றி ஒன்றேனும் இல்லாதவர் அவர். கேர்ஷோவைவிட மோசமான முத்திரை. அந்த ஒக்டோபரில் ஹூஸ்டனை ஆறு இன்னிங்ஸ்கள் ஓட்டமின்றி அடக்கினார். உலகத் தொடரில் இரண்டு போட்டிகளை வென்றார். பதினைந்து நாட்களுக்குள் சுபாவம் மாறிவிட்டதா? அந்தத் தொடரின் கடைசிப் போட்டியில் அவர் தோற்கடித்தது கேர்ஷோவை என்பது ஒரு துன்பியல் வேடிக்கை.

ஆகவே, பிளே ஓஃப் காலத்தில் ஓர் அணியின் தொடக்கப் பந்துவீச்சாளர்களை மதிப்பிட விரும்புகிறவர்கள் முதலில் ஓட்டச் சராசரியை மூடிவைக்க வேண்டும் என்பேன். எத்தனை நாள் ஓய்வுடன் வந்தார், முதல் பதினெட்டுத் துடுப்பாட்ட வீரர்களை எவ்வாறு சமாளித்தார், பந்தின் வேகமும் கட்டுப்பாடும் எந்த இன்னிங்ஸில் தளர்ந்தன, தளர்ந்த பின்னர் எவ்வளவு நேரம் அங்கே விடப்பட்டார், தளங்களில் விட்டுச்சென்றவர்களுக்கு என்ன நடந்தது என்பவற்றைப் பார்க்கவேண்டும். இவை எல்லாமே ஒவ்வொரு போட்டியின் பதிவிலும் இருக்கின்றன. தேடுவதற்குப் பத்து நிமிடம் போதும். இவ்வாறு பார்த்தால் கேர்ஷோ ஒக்டோபரில் 2.53 அளவு மகத்தானவராக இருக்கவில்லை என்பதும், அதேவேளை 4.62 என்ற எண்ணும் முத்திரையும் காட்டும் மனிதராக அவர் ஒருபோதும் இருக்கவில்லை என்பதும் தெரியவரும். 2020 உலகத் தொடரில் இரண்டு போட்டிகளில் தொடங்கி, இரண்டிலும் வென்றது இந்த இரண்டாவது கூற்றுக்குப் போதுமான சாட்சி.

அவர் கடைசியாகப் பந்துவீசியது 2025 உலகத் தொடரின் மூன்றாவது போட்டியில். எதிரணி ரொறன்ரோ புளூ ஜேஸ். பதினெட்டு இன்னிங்ஸ்கள் நீண்ட அந்தப் போட்டியின் பன்னிரண்டாவது இன்னிங்ஸில், 5 - 5 என்ற சமநிலையில், இருவர் ஆட்டமிழந்து மூன்று தளங்களிலும் எதிரணியினர் நின்றபோது 37 வயதான அவரை அழைத்தார்கள். ஒரேயொருவருக்குப் பந்துவீசினார். நேதன் லூக்ஸ் நிலத்தோடு அடித்த பந்து முதலாவது தளத்தில் ஆட்டமிழப்பாக முடிந்தது. டொட்ஜர்ஸ் அந்தப் போட்டியையும், பின்னர் தொடரையும் வென்றது. தளங்களில் நின்ற அந்த மூன்று பேரும் அவருக்கு முன் வீசியவரின் கணக்கு. லூக்ஸ் அடித்து அவர்களை ஓட்டம் பெறச் செய்திருந்தால், விதிப்படி அந்த ஓட்டங்களில் ஒன்றுகூட கேர்ஷோவின் பெயரில் எழுதப்பட்டிருக்காது.